மீட்புக்கும் தீர்ப்புக்கும் நடுவே

2025 மே மாதம், காஞ்சிபுரத்தை அடுத்த பாலாற்றங்கரையில் புதைக்கப்பட்டிருந்த ஒரு சிறுவனின் உடலைக் காவல்துறையினர் தோண்டி எடுத்தார்கள். வயது ஒன்பது. ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த யானாதிப் பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை. வீட்டார் வாங்கிய 15,000 ரூபாய் கடனுக்கு ஈடாக, வாத்து மேய்ப்பவர் ஒருவரிடம் விடப்பட்டிருந்தான். தாய் மகனைக் கேட்டு வந்தபோது அவன் ஓடிப்போய்விட்டதாக வாத்து மேய்ப்பவரின் குடும்பத்தார் சொன்னார்கள். மஞ்சள் காமாலையில் இறந்தான், யாருக்கும் சொல்லாமல் புதைத்துவிட்டோம் என்று பிறகு காவல்துறையிடம் ஒப்புக்கொண்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், குழந்தைத் தொழிலாளர் சட்டம், சிறார் நீதிச் சட்டம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டங்கள் அந்த வழக்கில் ஏறின. அவன் உயிரோடு வாத்து மேய்த்த நாட்களில் அவற்றில் ஒன்றுகூட அவனிடம் வந்து சேரவில்லை.

குழந்தைச் சுரண்டலையும் ஆட்கடத்தலையும் தண்டிக்க இந்திய அரசு எடுத்துவரும் முயற்சிகளை மதிப்பிட, சட்டங்களை எண்ணிப் பார்ப்பது பயன்படாது. சட்டங்கள் நிறையவே இருக்கின்றன. மீட்பும் நடக்கிறது; கைதும் நடக்கிறது. மீட்கப்பட்ட நாளுக்கும் தீர்ப்பு நாளுக்கும் நடுவே கிடக்கும் வருடங்களில்தான் வழக்கு செத்துப்போகிறது. அந்த நடுப்பகுதியில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 1956-இல் வந்த விபச்சாரத் தடுப்புச் சட்டம் பாலியல் தொழிலுக்காக ஆள் பிடிப்பதை மட்டும் கணக்கில் எடுத்தது. 1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகள் அவை 2000-இல் ஆட்கடத்தலுக்கு எதிரான பலெர்மோ நெறிமுறையை நிறைவேற்றியது. இந்தியா அதை ஏற்றுக்கொள்ள 2011 ஆயிற்று. டெல்லிப் பேருந்தில் 2012-இல் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையை ஒட்டி, 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவு புதிதாக எழுதப்பட்டது. ஏமாற்றி, மிரட்டி, ஆசைகாட்டி ஒருவரைச் சுரண்டலுக்காக அழைத்துச் செல்வது அப்போதுதான் முழுமையான குற்றமாக வரையறுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதத்துக்கு அதில் இடமில்லை. ஒரு குழந்தையைக் கடத்தினால் குறைந்தது பத்தாண்டுகள். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் குறைந்தது பதினான்கு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவு ஏறத்தாழ அதையே திருப்பிச் சொல்லி, பிச்சையெடுக்க வைப்பதையும் சுரண்டலாகச் சேர்த்துக்கொண்டது.

கடுமையில் குறை சொல்ல முடியாத சட்டம்தான். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2022-இல் நாடு முழுவதும் பதிவான ஆட்கடத்தல் வழக்குகள் 2,250. பாதிக்கப்பட்டவர்கள் ஆறாயிரத்துக்குச் சற்று அதிகம்; அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குழந்தைகள். மறுபக்கம், 2030-க்குள் 1 கோடியே 84 லட்சம் கொத்தடிமைகளை மீட்பதாக 2016-இல் ஒன்றிய அரசே அறிவித்தது. அரசு தானே ஏற்றுக்கொண்ட அந்த எண்ணுக்கு முன்னால் ஆண்டுக்கு இரண்டாயிரம் வழக்கு எம்மாத்திரம்? பதிவான வழக்குகளும் தண்டனையில் முடிவதில்லை. விசாரணை முடிந்தவற்றில் தண்டனை கிடைத்தது 2016-இல் 27.8 விழுக்காடு, கொரோனா நீதிமன்றங்களை முடக்கிய 2020-இல் அது 10.6 விழுக்காடு. அந்த ஆண்டு முடிந்த வழக்குகளில் பத்துக்கு ஒன்பதில் குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே வந்துவிட்டார்.

ஏன் என்று கேட்டால், வழக்கின் உடற்கூறைப் பார்க்க வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முறுக்குக் கம்பெனி வேலைக்கு மகாராஷ்டிரத்துக்கு அழைத்துச் செல்லப்படும் ஒரு சிறுவனை எடுத்துக்கொள்வோம். மதுரை, தேனி வட்டாரத்தில் பல ஆண்டுகளாகத் தெரிந்த வழித்தடம் இது. ஏஜென்ட் பெரும்பாலும் வேற்று ஆள் அல்ல. உறவுக்காரர், அல்லது அதே வேலைக்குப் போய்த் திரும்பியவர். வீட்டில் முன்பணம் கொடுத்துவிடுவார். சிறுவன் விடிகாலையிலிருந்து இரவு வரை எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பான். ஏதோ ஒரு புகாரில் அங்குள்ள காவல்துறையும் தொழிலாளர் துறையும் சோதனை போட்டு அவனை மீட்கிறார்கள். குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்துகிறார்கள். சில வாரம் காப்பகத்தில் வைத்துச் சொந்த ஊருக்கு ரயிலேற்றி விடுகிறார்கள். வழக்கு நடக்கப்போவது அங்கே. சாட்சி இருப்பது இங்கே. குற்றம் இரண்டு மாநிலங்களில் நடந்திருக்கிறது. ஆள் பிடித்த ஊரில் விசாரிக்க அந்த மாநிலக் காவலர் வந்தாக வேண்டும். பயணப்படியும் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். பெரும்பாலான குற்றப்பத்திரிகைகளில் ஆள் பிடித்த இடத்தைப் பற்றி ஒன்றுமே இராது. சோதனை போட்ட அன்று பட்டறையில் இருந்த மேஸ்திரிதான் முதல் குற்றவாளி. பல நேரம் ஒரே குற்றவாளியும் அவர்தான்.

மூன்று, நான்கு வருடம் கழித்து நீதிமன்ற அழைப்பாணை வருகிறது. சிறுவன் இப்போது இளைஞன்; வேறெங்கோ வேலைக்குப் போயிருப்பான். சாட்சி சொல்லப் போனால் நாலு நாள் கூலி போகும். முன்பணம் தந்த உறவுக்காரர் அடுத்த தெருவில் இருக்கிறார். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை. போனாலும் மராத்தியிலோ இந்தியிலோ நடக்கும் குறுக்கு விசாரணையில், எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், யார் அடித்தார், எந்தக் கையால் அடித்தார் என்று கேட்பார்கள். தேதி மாறிச் சொன்னால் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்றாகிவிடும். இத்தனையும் தெரிந்த பிறகு அவன் போகாமல் இருந்துவிட்டாலோ, போய்ப் பிறழ்சாட்சி ஆனாலோ அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்கின் முழுப் பாரத்தையும் ஒரு பிள்ளையின் ஞாபகத்தின் மேல் ஏற்றிவைத்த விசாரணை அதிகாரியைத்தான் கேட்க வேண்டும். சம்பளப் பதிவேடு எங்கே? உரிமையாளரின் வங்கிக் கணக்கு எங்கே? ரயில் டிக்கெட் யார் பெயரில் எடுக்கப்பட்டது? ஏஜென்ட்டும் முதலாளியும் பேசிய செல்போன் பதிவுகள் எங்கே? இவை வருடம் போனாலும் மறக்காத சாட்சிகள்; விலைக்கும் வாங்க முடியாதவை. சோதனை நாளிலேயே கைப்பற்ற வேண்டியவை. குழந்தைகளை எண்ணி வண்டியில் ஏற்றும் அவசரத்தில் அவை அங்கேயே விடப்படுகின்றன.

வேறு மாநிலக் குழந்தை சாட்சிகள் சொந்த மாவட்ட நீதிமன்றத்திலிருந்தே காணொலி வழியே சாட்சியம் அளிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறை வகுத்துத் தந்தது. அதற்கென்று சாட்சி இருக்கும் முனையில் ஓர் ஒருங்கிணைப்பாளரும் உண்டு. இத்துறையில் வந்த உத்தரவுகளில் மிகவும் நடைமுறை அறிந்த ஒன்று என்று இதைத்தான் சொல்வேன். கீழமை நீதிமன்றங்கள் இதை வழக்கமாக்கிக்கொண்டாலே அலைச்சலால் சாகும் வழக்குகளில் பலவற்றைக் காப்பாற்றலாம்.

கொத்தடிமை வழக்குகளில் இன்னொரு சிக்கல் உண்டு. செங்கல் சூளையிலோ அரிசி ஆலையிலோ மரம் வெட்டும் இடத்திலோ ஒரு குடும்பம் அடிமைப்பட்டுக் கிடந்தது என்று சான்று தர வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். அந்த விடுவிப்புச் சான்று இல்லாவிட்டால் நிவாரணமும் இல்லை, வழக்கும் வலுப்பெறாது. ஆனால் சான்று தருவது என்பது, தன் ஆளுகைக்குள் கொத்தடிமை முறை இருந்தது என்று அந்த அதிகாரியே எழுதிக் கொடுப்பது. தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக உச்ச நீதிமன்றம் அமர்த்திய குழு 1995-இல் சொன்னது. மறு ஆண்டு மாநில அரசு நடத்திய கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை இருபத்தைந்தாயிரம் சொச்சமாகச் சுருங்கிற்று. எண்ணிக்கை குறைந்தால் நற்பெயர் என்ற எண்ணம் ஆட்சியர் அலுவலகங்களில் இன்னும் போகவில்லை. அதனால் “சம்பளத் தகராறு”, “முன்பணம் கொடுக்கல் வாங்கல்” என்று எழுதி முடித்துவைக்கும் வழக்கம் தொடர்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி தெளிவாகத் தீர்ப்பெழுதியிருக்கிறார். சங்கிலியும் பூட்டும் இருந்தால்தான் அடிமை என்று இன்று ஓர் அதிகாரி சொல்வாரானால், அவர் நாற்பதாண்டுப் பழைய சட்டத்தையே இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

தண்டனையைப் பாருங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை, இரண்டாயிரம் ரூபாய் அபராதம். 1976-இல் எழுதிய அந்த இரண்டாயிரம் இன்றும் இரண்டாயிரம்தான். ஒரு சூளை முதலாளிக்கு அது அரை லோடு செங்கல் காசுகூட ஆகாது. கடுமையான 370-ஐ, அதாவது இப்போதைய 143-ஐச் சேர்த்தால் பத்தாண்டுக்கு மேலும் போகலாம். ஆனால் அந்தப் பிரிவின் விளக்கத்தில் அடிமைத்தனமும் அதை ஒத்த வழக்கங்களும் உண்டே தவிர, கட்டாய உழைப்பு என்ற சொல் நேரடியாக இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அந்த இடைவெளி போதும். புதிய சன்ஹிதா எழுதியபோது இதைச் சரிசெய்திருக்கலாம். பிச்சையைச் சேர்த்தவர்கள் இதைச் சேர்க்காமல் விட்டது எனக்கு ஏமாற்றமே.

நிவாரணத் தொகையையும் வழக்கோடு முடிச்சுப் போட்டார்கள். 2016-இல் திருத்திய மறுவாழ்வுத் திட்டம் ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலைகளில் மூன்று லட்சம் என்று அறிவித்தது. உடனடி உதவியாக இருபதாயிரம். அது பின்னர் முப்பதாயிரம் ஆயிற்று. முழுத் தொகையோ குற்றவாளி தண்டிக்கப்படுவதோடு கட்டப்பட்டது. தண்டனை விகிதம் என்னவென்று மேலே பார்த்தோம். மீட்கப்பட்ட குடும்பம் முப்பதாயிரத்தில் எத்தனை மாதம் தாங்கும்? அதே மேஸ்திரியிடம் புது முன்பணம் வாங்குவதைத் தவிர அவர்களுக்கு வழி இராது. வாங்கிய கையோடு அவர்கள் அவருக்கு எதிரான சாட்சியாக இருக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. தண்டனை கிடைத்தால்தான் பணம் என்ற விதி, தண்டனை கிடைக்கவிடாமல் செய்யும் விதியாக வேலை செய்கிறது.

குழந்தை விற்பனையின் கதை வேறு. 2019-இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு, நிறத்துக்கு ஏற்ப இவ்வளவு என்று தொலைபேசியில் விலை பேசிய ஒலிப்பதிவு வெளியாகித் தமிழ்நாடே அதிர்ந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2021-இல் மதுரையில் ஒரு காப்பகம், தன்னிடம் விடப்பட்ட குழந்தை கொரோனாவில் இறந்ததாகப் பொய் ஆவணம் காட்டி விற்றது தெரியவந்தது. இரண்டிலும் குற்றம் நடந்த இடம் இருட்டு மூலை அல்ல. பிறப்புச் சான்றிதழ், மருத்துவப் பதிவு, மயான ரசீது என்று அரசுக் காகிதங்களின் மேலேயே நடந்தது.

இவ்வகைக் குற்றங்களுக்குச் சிறார் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. மருத்துவமனை ஊழியர் என்றால் ஏழாண்டு வரை. குழந்தையைக் கொத்தடிமையாக வைத்து வேலை வாங்குவதற்கு 79-ஆம் பிரிவு. இந்த இடத்தில் 2021-இல் ஒரு திருத்தம் நுழைந்தது. மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனை உள்ள இச்சட்டக் குற்றங்கள் அனைத்தும், காவல்துறை நேரடியாக வழக்குப் பதிய முடியாத குற்றங்களாக மாற்றப்பட்டன. அதாவது நடுவர் நீதிமன்றத்தின் அனுமதி வாங்காமல் முதல் தகவல் அறிக்கையும் இல்லை, விசாரணையும் இல்லை. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தத் திருத்தத்தைப் பற்றிப் பொதுவெளியில் அதிகம் பேசப்படவில்லை. வேறு சட்டப் பிரிவுகளைச் சேர்த்துக் காவல்துறை சமாளிக்கலாம்; சமாளிக்கவும் செய்கிறது. ஆனால் ஒரு கையால் தண்டனையைக் கூட்டிக்கொண்டு மறு கையால் கதவைச் சாத்துவதை எப்படி நியாயப்படுத்துவது? திருடுபோன மோட்டார் சைக்கிளுக்கு நிலையத்தில் நேராக எஃப்.ஐ.ஆர். போடலாம், விற்கப்பட்ட குழந்தைக்கு அந்தப் பிரிவில் மட்டும் முடியாது. இந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு இவ்விஷயத்தில் கடுமையாக நின்றது. வாரணாசி வட்டாரத்தில் ஏழைக் குழந்தைகளைக் கடத்தி விற்ற வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தாராளமாகப் பிணை கொடுத்திருந்தது. பலர் அதன்பின் தலைமறைவானார்கள். அமர்வு அந்தப் பிணைகளை ரத்து செய்தது. பிரசவத்துக்கு வந்த இடத்தில் பச்சிளங்குழந்தை கடத்தப்பட்டால் அம்மருத்துவமனையின் உரிமத்தை உடனே நிறுத்திவைக்க வேண்டும் என்றது. நிலுவையிலுள்ள குழந்தைக் கடத்தல் வழக்குகளின் நிலையை எல்லா உயர் நீதிமன்றங்களும் கேட்டுப்பெற்று, ஆறு மாதத்தில் முடிக்க உத்தரவிட வேண்டும் என்றும் பணித்தது.

ஆறு மாதம் இல்லாவிட்டாலும், ஒரு வருடத்துக்குள் முடிப்பதாவது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு முசாபர்பூர் பதில். பிகாரின் அந்த ஊர்ச் சிறுமியர் காப்பகத்தில் நடந்த பாலியல் கொடுமையை 2018-இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் தணிக்கை அறிக்கை வெளியே கொண்டுவந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமியர் பாதிக்கப்பட்டிருந்தனர். காப்பகத்தை நடத்தியவருக்கு அரசியல் செல்வாக்கு இருந்தது. உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ. கையில் வைத்துக் கண்காணித்தது; 2019 பிப்ரவரியில் வழக்கை டெல்லி சாகேத்தில் உள்ள, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ நீதிமன்றத்துக்கு மாற்றியது. 2020 ஜனவரியில் பத்தொன்பது பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. முதன்மைக் குற்றவாளிக்கு ஆயுள் முழுதும் சிறை. உள்ளூர்ச் செல்வாக்கிலிருந்து வழக்கைப் பிரித்ததும், ஒரே நீதிமன்றம் இடைவிடாமல் கேட்டதும், குழந்தைகளின் வாய்மொழியோடு தணிக்கை அறிக்கை என்ற சுதந்திரமான சான்று நின்றதும் இதைச் சாத்தியமாக்கின. அதே சட்டங்கள், அதே காவல் அமைப்பு உள்ள நாட்டில்தான் இது நடந்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கின் தலைமாட்டிலும் உட்கார்ந்திருக்க முடியாது.

இணையவழிச் சுரண்டலில் நிலைமை ஓரளவு மேம்பட்டிருப்பதற்கும் சான்றின் தன்மைதான் காரணம். 2019-இல் அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையத்தோடு இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. சமூக ஊடக நிறுவனங்கள் கண்டறியும் குழந்தைப் பாலியல் படங்களைப் பற்றிய தகவல் அப்போதிருந்து மாநிலக் காவல்துறைகளுக்கு வருகிறது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே திருச்சியில் தமிழ்நாட்டின் முதல் கைது நடந்தது. சென்னை அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கை 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. செல்போனில் தரவிறக்கித் தனிமையில் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்றது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. போக்சோவின் 15-ஆம் பிரிவின்படி, அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றத்துக்கான ஆயத்தம். ஒவ்வொரு படமும் ஒரு குழந்தைக்கு நேர்ந்த வன்முறையின் பதிவு. அதை ஆபாசப் படம் என்று அழைப்பதையே நிறுத்த வேண்டும் என்றது. சரியான தீர்ப்பு. ஆனால் பார்த்தவர்களும் பகிர்ந்தவர்களும் பிடிபடும் அளவுக்கு, படம் எடுத்தவர்கள் பிடிபடுவதில்லை. படத்தில் இருக்கும் குழந்தை யார், எந்த ஊர், இப்போது எங்கே என்று தேடுவது கைதைவிடக் கடினமான வேலை. அதற்கான பயிற்சியும் ஆள்பலமும் மாவட்ட சைபர் பிரிவுகளுக்குத் தரப்பட வேண்டும்.

ஒன்றிய அரசு எடுத்த பெரிய நடவடிக்கை என்றால், 2019-இல் தேசியப் புலனாய்வு முகமைக்கு ஆட்கடத்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் தந்ததைச் சொல்ல வேண்டும். எல்லை தாண்டிய வலைகளை அது தொட்டது. வேலை என்று ஏமாற்றி மியான்மர், கம்போடியா, லாவோஸ் மோசடி முகாம்களுக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களின் வழக்குகள் வந்தபோது அதன் தேவையும் புரிந்தது. மியான்மரின் மியாவாடியிலிருந்து தமிழ் இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில்தான் வீடு திரும்பினார்கள். ஆயினும் இந்தியக் கடத்தலில் பெரும்பகுதி எல்லை தாண்டுவதே இல்லை. ஒரு மாவட்டத்திலிருந்து பக்கத்து மாவட்டத்துக்கு, ஓர் ஆட்டுக்கிடைக்கு, ஒரு நூற்பாலை விடுதிக்கு நடப்பது அது. அங்கே விசாரிக்க வேண்டியவர்கள் மாவட்ட ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவினர். அந்தப் பிரிவுகளை வலுப்படுத்த, பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து நூறு கோடி ஒதுக்கப்பட்டது. பெயர்ப்பலகையும் வாகனமும் வந்தன. அங்குள்ள ஆய்வாளரைத் திருவிழா பந்தோபஸ்துக்கும் தேர்தல் பணிக்கும் இழுக்கும் வழக்கம் நிற்காதவரை தனிப்பிரிவு என்பது பெயரளவில்தான்.

முழுமையான ஒரே சட்டம் வேண்டும் என்ற முயற்சியும் நடந்தது. 2018-இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா மாநிலங்களவையில் எடுத்துக்கொள்ளப்படாமலே காலாவதியானது. 2021-இல் வெளியிட்ட வரைவு நாடாளுமன்றத்துக்கே வரவில்லை. விருப்பத்தோடு தொழில் செய்யும் வயதுவந்த பெண்களையும் கடத்தப்பட்டவர்களையும் ஒன்றாகப் பார்த்து, எல்லாரையும் காப்பகத்தில் அடைக்க வழிவகுக்கும் என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் எதிர்த்தன. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. 1956 சட்டத்தின் எட்டாம் பிரிவில் தெருவில் நிற்கும் பெண்ணே குற்றவாளி. தன் மேலேயே வழக்கு இருக்கும் பெண் எப்படித் தரகருக்கு எதிராக வாய் திறப்பாள்? புதுச் சட்டம் வருமுன் இந்தப் பிரிவை நீக்குவதே முதல் வேலை.

சுரண்டலின் லாபத்தை எடுத்தவரிடமே பணத்தை வாங்கும் வழியும் நமக்குப் புதிதல்ல. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளியிடம் இருபதாயிரம் வசூலித்து அக்குழந்தையின் நலனுக்கான நிதியில் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பு வரும்வரை காத்திருக்காமல் முதலாளியின் சொத்தை முடக்கி அதிலிருந்தே குடும்பத்தின் கடனைத் தீர்த்து வைத்தால், சாட்சியும் நிற்பார், அடுத்த முன்பணமும் தேவைப்படாது.

2025 ஏப்ரல் உத்தரவின்படி உயர் நீதிமன்றங்கள் கேட்டுப்பெறும் விவரங்கள் கோப்புக்குள் முடங்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை மாவட்டவாரியாக வெளியிடலாம். குழந்தைகளின் அடையாளம் எதுவும் அதற்குத் தேவையில்லை. வழக்குப் பதிவான ஆண்டு, இதுவரை போன வாய்தாக்கள், காணொலியில் பதிவான சாட்சியங்கள், குடும்பத்துக்குச் சேர்ந்த தொகை, குற்றப்பத்திரிகையில் உரிமையாளரின் பெயர் இருக்கிறதா, மேஸ்திரியோடு நின்றுவிட்டதா என்ற விவரம் — இவ்வளவு போதும். ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அந்தப் பட்டியலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பொதுவில் பதில் சொல்ல வேண்டும்.